மலையுச்சியில் ஒரு மழைமானி: வலசை போகும் பருந்துகளை எண்ணுவது எப்படி?

இலையுதிர்காலம் வந்தால் இந்த மாதிரிச் செய்திகள் கண்ணில் படும்: "ஜார்ஜியா நாட்டின் பதூமி நகருக்கு மேலே பத்து லட்சம் கழுகுகள் பறந்தன." "மெக்சிகோ வானத்தில் 40 லட்சம் பருந்துகள்." வாட்ஸ்அப்பில் யாராவது இதைப் பகிர்ந்தால், கீழே வரும் பதில்களைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம். ஒருவர், "வானத்தில் பறப்பதை யாரால் எண்ண முடியும், சும்மா அடித்துவிடுகிறார்கள்" என்பார். இன்னொருவர், "இத்தனை லட்சம் இருக்கும்போது ஏன் அழிகிறது அழிகிறது என்று புலம்புகிறீர்கள்?" என்பார். மூன்றாமவர் போன வருஷத்துக் கணக்கைத் தேடி எடுத்து, "ஐயாயிரம் குறைந்துவிட்டது, எல்லாம் போச்சு" என்பார்.

மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த எண்ணை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி, தலை எண்ணிக்கையாக நினைத்துக்கொள்கிறார்கள். அது தலை எண்ணிக்கை இல்லை. அப்படியானால் அது என்ன, எதற்காக இத்தனை பேர் மலையுச்சியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சேர்க்கிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்ற மலை இருக்கிறது. அங்கே சில செப்டம்பர் மாதங்கள் எண்ணுபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் பெரும்பாலும் அந்த மலையை வைத்தே விளக்குகிறேன்.

அதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். நாம் பேச்சில் பருந்து, கழுகு, வல்லூறு, பிணந்தின்னி எல்லாவற்றையும் 'கழுகு' என்று சொல்லிவிடுகிறோம். வளைந்த அலகும் கூரிய நகமும் கொண்டு மற்ற உயிர்களைப் பிடித்துத் தின்னும் இந்தக் குடும்பங்கள் அனைத்துக்கும் பொதுவாக 'இரைக்கொல்லிப் பறவைகள்' என்று பெயர். பிணந்தின்னிகளான பாறுகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். பதூமிச் செய்தியில் வரும் பத்து லட்சத்தில் உண்மையான கழுகுகள் கொஞ்சம்தான். பெரும்பங்கு தேன்பருந்து, கரும்பருந்து, பசார்டு வகைப் பருந்துகள்.

ஏணியும் சறுக்கும்

பூங்காவில் குழந்தைகள் சறுக்குமரம் விளையாடுவதைப் பாருங்கள். ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்கும். சறுக்கி இறங்கும்போது எந்தச் சிரமமும் இல்லை. ஏறுகிற வேலையை வேறு யாராவது செய்து கொடுத்துவிட்டால் நாள் முழுக்கச் சறுக்கலாம். பெரிய பருந்து ஒன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்வது இந்த வழியில்தான். அதைத் தூக்கிவிடும் ஏணி, காற்று.

மத்தியான வெயிலில் நம் ஊர்க் கிராமங்களில் செம்பருந்து இறக்கையை ஒருமுறைகூட அசைக்காமல் வட்டம் போட்டபடி மேலே மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சுடவைப்பதில்லை. உழுத நிலமும் பாறையும் தார்ச்சாலையும் சீக்கிரம் சூடாகும், காடும் குளமும் மெதுவாகச் சூடாகும். சூடான தரைக்கு மேலிருக்கும் காற்று லேசாகி மேலே கிளம்புகிறது. இப்படி எழும்பும் காற்றுக்கு 'வெப்பக் காற்றுத் தூண்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பருந்து அதற்குள் புகுந்து வட்டமடித்தால் தூண் அதை உயரே தூக்கும். போதுமான உயரம் வந்ததும் வட்டத்தை விட்டு விலகி, தெற்கே பார்த்து நேராகச் சறுக்கும். உயரம் குறைந்ததும் அடுத்த தூணைத் தேடிப் பிடிக்கும். காலையிலிருந்து மாலைவரை ஏணி, சறுக்கு, ஏணி, சறுக்குதான்.

மலைத்தொடர் இருந்தால் இன்னொரு ஏணியும் கிடைக்கும். கடலலை பாறையில் மோதினால் தண்ணீர் மேல்நோக்கித் தெறிக்கிறது இல்லையா? அதேபோல மலைச்சரிவில் மோதும் காற்றுக்கும் மேலே போவதைத் தவிர வழியில்லை. ஹாக் மவுண்டன் இருக்கும் கிட்டட்டினி மலைத்தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கிறது. இலையுதிர்காலத்தில் குளிர்காற்று வடமேற்கிலிருந்து வந்து அதன் மேல் மோதும். தெற்கே போகவேண்டிய பறவைக்கு, போகும் திசையிலேயே மைல் கணக்கில் ஒரு தூக்குபாதை அமைந்துவிடுகிறது. மலைமுகட்டை ஒட்டியபடியே ஒரு சிறகசைப்பும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

கடல் என்றால் கதை தலைகீழ். தண்ணீருக்கு மேலே வெப்பத் தூண்கள் வலுவாக உருவாவதில்லை. அகன்ற இறக்கையும் கனத்த உடலும் கொண்ட பருந்து கடலைக் கடக்கவேண்டுமானால் இறக்கை அடித்தே ஆகவேண்டும், அதில் களைத்துப்போகும். ஆகவே முடிந்தவரை கடலைச் சுற்றிக்கொண்டு நிலத்தின் மேலேயே போகப் பார்க்கும்.

இங்கேதான் எண்ணுவதற்கு வழி பிறக்கிறது. பல மாநிலப் பரப்பில் சிதறிக் கிடந்த பறவைகள், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உயர்ந்த மலையும் நெருக்கும் இடத்துக்கு வரும்போது ஒன்றாகக் குவிகின்றன. வைகுண்ட ஏகாதசியன்று ஊரே வந்தாலும் எல்லோரும் சொர்க்கவாசல் ஒன்றின் வழியாகத்தானே நுழையவேண்டும்? அப்படிப்பட்ட இடத்தைக் 'குறுகல்வாய்' என்று சொல்லலாம். பதூமியில் ஒரு பக்கம் கருங்கடல், மறுபக்கம் காகசஸ் மலைகள். மெக்சிகோவின் வெராக்ரூஸில் ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடா, மறுபக்கம் கிழக்கு சியரா மாத்ரே மலைகள், நடுவே ஒடுங்கிய கடற்கரைச் சமவெளி. வட அமெரிக்காவிலிருந்து வரும் அகலச்சிறகுப் பருந்து, ஸ்வெயின்சன் பருந்து, மிசிசிப்பி கைட் ஆகியவற்றில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரு வாசல் வழியாகத்தான் தெற்கே போகிறது. அங்கே ஒரு பருவத்தில் 40 லட்சத்துக்கு மேல் எண்ணுகிறார்கள் என்பது இதனால்தான் சாத்தியமாகிறது.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பெரிய பருந்துகள் எழும் காற்றை நம்பிப் பயணம் செய்கின்றன. எழும் காற்று மலையோரத்தில் நிறைய கிடைக்கும், கடல் மேல் கிடைக்காது. அதனால் அவை சில குறிப்பிட்ட இடங்களில் குவிகின்றன.

கூட்டைத் தேடிப்போய் எண்ணினால் ஆகாதா?

நியாயமான கேள்விதான். பறவை கூடு கட்டும் இடத்தில் எண்ணினால் துல்லியம் கூடும். ஆனால் இரைக்கொல்லிகள் நெருக்கமாக வாழ்வதில்லை. ஒரு ஜோடிக்கு வேட்டையாடப் பரந்த நிலப்பரப்பு வேண்டும். கனடாவின் வடக்குக் காடுகளில் சாலையே கிடையாது. ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குப் போக நாள்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். எத்தனை பேரை அனுப்பினாலும் ஒரு மூலையைத்தான் பார்த்துத் திரும்ப முடியும். அதே பறவைகள் வருஷத்துக்கு ஒருமுறை தாங்களாகவே நம் கண்முன்னால் அணிவகுத்து வரும்போது, வாசலில் நின்று எண்ணுவதுதான் கைக்கு எட்டுகிற வழி.

இன்னொரு காரணமும் உண்டு. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பவை இவை. கீழே மண்ணிலோ நீரிலோ பூச்சியிலோ கோளாறு என்றால் அது மேலே போகப்போகச் செறிந்து இவற்றின் உடம்பில் வந்து நிற்கும். அதனால் இவற்றின் எண்ணிக்கையில் ஒரு தடுமாற்றம் தெரிந்தால், அடியில் எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.

துப்பாக்கி இருந்த பாறையில்

இன்று எண்ணுபவர்கள் உட்காரும் அதே மலையில் 1930களின் தொடக்கம்வரை துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோழியையும் வேட்டைப் பறவைகளையும் தின்னும் எதிரி என்று பருந்துகளை மக்கள் வெறுத்த காலம். பென்சில்வேனியா அரசு 1929இல் கோசாக் என்ற பெரிய வல்லூறு ஒன்றைக் கொன்றால் 5 டாலர் பரிசு என்று அறிவித்திருந்தது. முகட்டை ஒட்டித் தாழப் பறந்து வரும் பறவையைச் சுடுவது சுலபம். விடுமுறை நாள்களில் கூட்டம் கூட்டமாக வந்து சுட்டுத் தள்ளினார்கள். ரிச்சர்ட் பௌ என்ற இளைஞர் 1932இல் அங்கே போய், செத்த பருந்துகளை வரிசையாகக் கிடத்திப் படம் எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்துக் கொதித்துப்போன ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934இல் அங்கே சுமார் 1,400 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். மாரிஸ் ப்ரௌன் என்பவரையும் அவர் மனைவி இர்மாவையும் காவலுக்கு வைத்தார். அந்த இலையுதிர்காலத்திலேயே சுடுவது நின்றது. மலையைக் காத்துக்கொண்டே ப்ரௌன் கடந்து போகும் பறவைகளை எண்ணிக் குறித்துவைக்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரின்போது 1943 முதல் 1945 வரை மட்டும் விட்டுப்போனது. மற்றபடி அந்த நோட்டு இன்றுவரை தொடர்கிறது. உலகில் இவ்வளவு நீண்ட இரைக்கொல்லிக் கணக்கு வேறு எங்கும் இல்லை.

நெல் அளப்பது போல

சரி, எண்ணுவது எப்படி?

ஹாக் மவுண்டனின் வடக்குப் பார்வைமுனை என்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடி உயரத்தில் சாம்பல் நிறப் பாறைகள் குவிந்து கிடக்கும் இடம். ஏறிப்போய் ஒரு பாறையில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தால், எதிரே மலைத்தொடர் ஒட்டகத் திமில்களாக அடுக்கடுக்காகத் தெரியும். அந்தத் திமில்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வைத்திருக்கிறார்கள். "மூன்றுக்கு மேலே, ஒரு பறவை, இடப்பக்கம் வருகிறது" என்று ஒருவர் குரல் கொடுத்தால் எல்லாப் பைனாகுலர்களும் அந்தத் திமிலுக்குத் திரும்பும். வெற்றுக் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. பைனாகுலரிலும் ஒரு தூசு மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் நடுங்காத குரலில் "ஷார்ப்-ஷின்டு" என்று ஒரு சின்ன வல்லூறின் பெயரைச் சொல்வார் எண்ணுபவர். இறகின் நிறம் தெரியாத தூரத்தில் எப்படிச் சொன்னார்? ஆளின் முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்தே "நம்ம மாமா வருகிறார்" என்று தெருமுனையில் கண்டுபிடிக்கிறோமே, அப்படித்தான். குட்டை இறக்கை, நீள வால், நாலைந்து அடிப்பு, ஒரு சறுக்கல் என்றால் வல்லூறுக் குடும்பம். அகன்ற இறக்கை, விசிறி வால் என்றால் பருந்து. கூர்முனை இறக்கை என்றால் பைரியின் இனம். இறக்கையை ஆங்கில 'வி' எழுத்துபோல உயர்த்திப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டு வந்தால் வான்கோழிப் பாறு. பலகை மாதிரி தட்டையாக, அசையாமல் வந்தால் கழுகு. முதல் நாளில் நான் வந்த பாறுகளையெல்லாம் கழுகு என்றே நினைத்தேன். இந்தத் தள்ளாட்டத்தைக் காட்டிக்கொடுத்த பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது.

ஒன்றிரண்டாக வரும்போது சிக்கல் இல்லை. செப்டம்பர் நடுவில் அகலச்சிறகுப் பருந்துகள் வரும்போதுதான் திகைப்பு. ஒரே வெப்பத் தூணுக்குள் நூற்றுக்கணக்கில் புகுந்து சுற்றும். உலை கொதிக்கும்போது பானைக்குள் அரிசி சுழல்கிறதே, சரியாக அந்தக் காட்சி. அமெரிக்காவில் எண்ணுபவர்களும் இதற்குக் 'கெட்டில்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சுழலும்போது எண்ணினால் ஒரே பறவையை மூன்று முறை எண்ணிவிடுவோம். ஆகவே பொறுத்திருப்பார்கள். தூணின் உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து, எறும்புச் சாரை போல ஒரே வரிசையில் தெற்கே சறுக்கும். அந்தச் சாரை ஒரு மேக விளிம்பையோ மலைமுனையையோ கடக்கும் இடத்தில் பைனாகுலரை அசையாமல் பிடித்து, கையிலிருக்கும் எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார்கள். கடந்ததுதான் கணக்கு. வட்டமடித்துத் திரும்பி வந்தது கணக்கில் வராது. அந்த மலையிலேயே வசிக்கும் பறவையும் வராது.

வெராக்ரூஸ், பதூமி போன்ற இடங்களில் ஒன்றொன்றாக அழுத்தவும் நேரம் இருக்காது. அங்கே கைகொடுப்பது நம் களத்துமேட்டு வித்தை. நெல்மணியை யாரும் எண்ணுவதில்லை. மரக்காலில் அள்ளி "லாபம், ரெண்டு, மூணு" என்று அளக்கிறோம். எண்ணுபவரும் வரிசையில் முதல் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்கிறார். அதுதான் மரக்கால். அப்புறம் அதே மரக்காலை வரிசை நெடுக வைத்துக்கொண்டே போகிறார். கூட்டம் இன்னும் பெரிதானால் நூறு கொள்ளும் மரக்கால். கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் "சும்மா அடித்துவிட்டது" இல்லை. பதூமியில் 2008 முதல் பல நாட்டுத் தன்னார்வலர்கள் இப்படித்தான் எண்ணுகிறார்கள். சகல்வாஷோ, சுவாம்தா என்ற இரண்டு ஊர்களில் இரண்டு நிலையங்கள் வைத்து, ஒரே பறவை இரண்டு நோட்டிலும் ஏறிவிடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

மழைமானி

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்.

தாலுகா அலுவலக வளாகத்தில் ஒரு மழைமானி இருக்கும். ஒரு சாண் அகலம்கூட இல்லாத வாய். தாலுகாவில் பெய்த மழையில் அது பிடித்தது எத்தனை சொட்டு? ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அதை வைத்து "இந்த வருஷம் போன வருஷத்தைவிட மழை கம்மி" என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஏனென்றால் அதே மானி, அதே இடம், தினமும் அதே நேரத்தில் அளவெடுக்கிறார்கள். மானியைத் தூக்கி மரத்தடியில் வைத்துவிட்டால் எல்லாம் கெட்டது.

ஹாக் மவுண்டன் ஒரு மழைமானி. ஒரு பருவத்தில் அங்கே சராசரியாகச் சுமார் 18,000 இரைக்கொல்லிகள் எண்ணப்படுகின்றன. கிழக்கு அமெரிக்காவில் மொத்தம் இவ்வளவுதான் இருக்கின்றன என்று இதற்குப் பொருள் இல்லை. பக்கத்து மலைமுகட்டில் போனவை, கண்ணுக்கெட்டாத உயரத்தில் போனவை, எண்ணுபவர் வலப்பக்கம் பார்த்தபோது இடப்பக்கம் நழுவியவை எல்லாம் விட்டுப்போகும். இப்படி மொத்தத்தைச் சொல்லாமல், மொத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் காட்டும் எண்ணுக்குக் 'குறியீட்டெண்' என்று பெயர். வெராக்ரூஸ் போல ஏறக்குறைய எல்லாமே ஒரே வாசலில் வரும் இடங்களில் அது தலை எண்ணிக்கைக்குக் கொஞ்சம் நெருங்கும், அவ்வளவுதான்.

குறியீட்டெண் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. அளக்கும் முறை மாறக்கூடாது. ஹாக் மவுண்டனில் ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை, அதே முனையில், மணிக்கு மணி எழுதுகிறார்கள். பறவைக் கணக்கோடு காற்றின் திசை, வேகம், வெப்பம், மேகம், எவ்வளவு தூரம் தெரிகிறது, எத்தனை பேர் எண்ணினார்கள் எல்லாம் அந்தத் தாளில் ஏறும். எத்தனை மணி நேரம் எத்தனை கண்கள் பார்த்தன என்ற இந்தக் கணக்கை 'உழைப்பளவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் வலை போட்டவரும் நாள் முழுக்க வலை போட்டவரும் கொண்டுவந்த மீனை அப்படியே ஒப்பிட மாட்டோம் இல்லையா? கற்பனையாக ஒரு கணக்கு: ஒரு வருஷம் 500 மணி நேரம் பார்த்து 10,000 பறவைகள், இன்னொரு வருஷம் 1,000 மணி நேரம் பார்த்து 15,000 பறவைகள். கூடியிருக்கிறதா? மணிக்கு 20 என்பது 15 ஆகியிருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் மகிழ்ந்துபோவார், தாளைப் படிப்பவர் கவலைப்படுவார்.

இந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்தது பூஜ்யம். ஒரு மதியம் இரண்டிலிருந்து மூன்று மணிவரை ஒரு பறவைகூட வரவில்லை. எண்ணுபவர் எழுந்து போய்விடவில்லை. அந்த ஒரு மணி நேரமும் திமில் திமிலாகப் பார்த்துவிட்டு, கட்டத்தில் 0 என்று எழுதினார். கட்டத்தைக் காலியாக விட்டால் "யாரும் பார்க்கவில்லை" என்று பொருள். 0 என்றால் "பார்த்தோம், இல்லை" என்று பொருள். புதிதாக வருபவர்கள் நாலு பெரிய நாளை மட்டும் எழுதிவைத்துவிட்டு, வெறும் நாள்களை விட்டுவிடுவார்கள். அப்படிச் சேர்ந்த கணக்கிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வானமும் ஏமாற்றும். வெள்ளை மேகம் பரவிய நாளில், வெள்ளைத் துணியில் எள் கொட்டியதுபோல எல்லாம் தெரியும். ஒரு பொட்டு மேகமில்லாத நீல வானத்தில், உச்சிவெயிலில் தூண்கள் வலுத்துப் பறவைகள் மிக உயரே போய்விடும்போது, தலைக்கு மேலே நூறு போனாலும் தெரியாது. காற்று வேறு பக்கமிருந்து அடித்தால் பாதையே சில மைல் தள்ளிப்போகும். 1978 செப்டம்பரில் ஹாக் மவுண்டனில் ஒரே நாளில் 21,000க்கு மேல் அகலச்சிறகுப் பருந்துகள் எண்ணப்பட்டன. ஒரு முழுப் பருவத்தின் சராசரியைவிட அதிகம், ஒரே நாளில்! அந்த வருஷம் பருந்துகள் திடீரென்று பெருகிவிடவில்லை. காற்று அன்றைக்கு அவற்றை இந்த முகட்டுக்கு மேலே கொண்டுவந்து சேர்த்தது. போன வருஷத்தைவிட ஐயாயிரம் குறைந்தது என்று பதறுபவருக்கான பதில் இதில் இருக்கிறது. ஒரு வருஷத்தை அடுத்த வருஷத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் நாம் காண்பது காற்றைத்தான். பறவையைக் காண வேண்டுமானால் பத்து, இருபது, ஐம்பது வருஷம் வேண்டும்.

ஆக, எண் என்பது மொத்தம் இல்லை, ஒரு குறி. உழைப்பளவோடு சேர்த்துப் படிக்கவேண்டும். ஒற்றை வருஷத்தை நம்பக்கூடாது.

குஞ்சுகள் வராத வருஷங்கள்

இப்படிப்பட்ட கணக்கு என்ன சாதித்தது என்பதற்கு வெண்தலைக் கழுகின் கதையைவிட நல்ல சாட்சி இல்லை.

வெண்தலைக் கழுகுக்குத் தலை வெளுக்கச் சுமார் ஐந்து வருஷம் ஆகும். அதுவரை உடம்பெல்லாம் பழுப்பு. தூரத்திலிருந்தே இளசா, முற்றியதா என்று சொல்லிவிடலாம். மாரிஸ் ப்ரௌன் மொத்தக் கணக்கோடு நிற்காமல் இதையும் தனித்தனியாக எழுதிவைத்தார். அன்றைக்கு அது எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாது. 1935 முதல் 1939 வரை கடந்துபோன கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955 முதல் 1959 வரை அது 20 சதவீதமாகச் சரிந்திருந்தது. 1957இல் 32 முற்றிய கழுகுகளுக்கு ஒரே ஒரு இளங்கழுகு.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கழுகுகள் நீண்ட நாள் வாழ்பவை. கிழடுகள் இருக்கும்வரை மொத்தக் கணக்கு பெரிதாகக் குறையாது, "கழுகுகள் பறக்கின்றனவே, என்ன குறை?" என்றுதான் தோன்றும். தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை என்ற நிலை அது. அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் தன் 'மௌன வசந்தம்' நூலில், 1962இல், ப்ரௌனின் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டிக் கேள்வி எழுப்பினார்.

காரணம் டிடிடி. அந்தப் பூச்சிக்கொல்லி நீரில் கரைந்து போய்விடுவதில்லை, கொழுப்பில் தங்கிவிடும். சின்ன உயிரை மீன் தின்ன, சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, பெரிய மீனைக் கழுகு தின்ன, ஒவ்வொரு படியிலும் அளவு செறிந்துகொண்டே போகும். கழுகின் உடம்பில் அது முட்டை ஓட்டை மெலியவைத்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. 1970களில் ஹாக் மவுண்டனில் பருவம் முழுக்க உட்கார்ந்தாலும் சில பத்து வெண்தலைக் கழுகுகள்தான். இன்று ஒரு பருவத்தில் சில நூறு. 2007இல் அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அது விடுவிக்கப்பட்டது. விழுந்ததும் எழுந்ததும் ஒரே நோட்டில் இருக்கிறது.

குறைந்தால் குறைந்ததுதானா?

அதுவும் இல்லை. செவ்வால் பருந்து என்று ஒன்று. கிழக்கு அமெரிக்காவின் பல மலைமுனைகளில் அதன் இலையுதிர்காலக் கணக்கு இறங்கிக்கொண்டு வந்தது. அழிகிறதோ என்று பார்த்தால், வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் எடுக்கும் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில் அதே பருந்து கூடிக்கொண்டு வந்தது. குளிர் தணிந்ததால், வடக்கிலேயே இரை கிடைப்பதால், பல பறவைகள் முன்புபோல அவ்வளவு தூரம் தெற்கே வருவதில்லை. தீபாவளிக்கு ஊர் போகும் பஸ்ஸில் கூட்டம் குறைந்தால் ஊர்க்காரர்கள் செத்துப்போனார்கள் என்றா பொருள்? போகவேண்டிய தேவை குறைந்திருக்கலாம்.

ஆனால் அமெரிக்கக் கெஸ்ட்ரல் விஷயத்தில் அப்படி ஆறுதல் கொள்ள முடியவில்லை. மைனா அளவேயான, பைரி இனத்து அழகான சின்னப் பறவை அது. மலைமுனைகளில் குறைகிறது, இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பிலும் குறைகிறது. இரண்டு மானிகளும் ஒரே திசையைக் காட்டினால் நம்பித்தான் ஆகவேண்டும். 1974இல் தொடங்கிய வட அமெரிக்கப் பருந்து வலசைச் சங்கம் நூற்றுக்கணக்கான முனைகளின் தாள்களை ஒன்றுசேர்ப்பதும் இதற்காகவே. ஒரு மானி பொய் சொல்லலாம். நூறு மானிகளும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வது அரிது.

நம் பக்கத்தில்

தமிழ்நாட்டில் ஏன் இப்படி ஒரு மலையுச்சிக் கணக்கு பேர் பெறவில்லை என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நமக்கு வரும் வலசை இரைக்கொல்லிகளின் பறக்கும் விதம் அதற்கு ஒரு காரணம்.

அமுர் வல்லூறு (பெயரில்தான் வல்லூறு, இதுவும் பைரியின் இனம்) சைபீரியாவின் தென்கிழக்கிலிருந்தும் வட சீனத்திலிருந்தும் புறப்பட்டுத் தென் ஆப்பிரிக்கா போகிறது. அக்டோபர், நவம்பரில் நாகாலாந்து, மணிப்பூரில் இறங்கி ஈசல் தின்று கொழுக்கும். நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தில் 2012இல் பெரும் எண்ணிக்கையில் வலைபோட்டுக் கொன்றார்கள். அது வெளியே தெரிந்ததும் ஊர்மக்களே முடிவெடுத்து, அடுத்த வருஷமே நிறுத்தினார்கள். அங்கிருந்து கிளம்பி இந்தியத் தீபகற்பத்தைக் கடந்து, பின்காற்றைப் பிடித்து அரபிக்கடலை நிற்காமல் தாண்டுகிறது. கூரிய இறக்கையை அடித்துப் பறக்கும் சின்ன உடம்பு. அதற்குக் குறுகல்வாய் தேவையில்லை, கடலும் தடையில்லை. நம் தலைக்கு மேலே பரவலாக, உயரத்தில், சிதறிப் போய்விடும். வாசல் இல்லாத மைதானத்தில் எங்கே நின்று எண்ணுவது?

பூனைப்பருந்துகளும் ஏறக்குறைய அப்படித்தான். மெலிந்த உடம்பு, நீண்ட இறக்கை, வெப்பத் தூணை மட்டும் நம்பி வாழாதவை. குளிர்காலத்தில் நம் கரிசல் நிலங்களிலும் புல்வெளிகளிலும் வயலுக்கு மேலே ஆளுயரத்தில் தாழப் பறந்து வேட்டையாடும். ஆனால் இவற்றிடம் ஒரு பழக்கம் உண்டு. பகலில் தனித்தனியாகத் திரிபவை, சாயங்காலம் ஒரே புல்வெளியில் கூடித் தரையிலேயே உறங்கும். எண்ணுபவர்களுக்கு அதுவே வாசல்.

ஆகவே இங்கே கணக்கு சூரியன் இறங்கும்போது தொடங்குகிறது. புல்வெளியின் நாலு பக்கமும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, தன் பக்கமிருந்து உள்ளே வருவதை மட்டும் ஒவ்வொருவரும் எண்ணவேண்டும், இல்லையென்றால் ஒன்றே நாலாகிவிடும். முதலில் ஒன்று வரும். இறங்குவதுபோலத் தாழ்ந்து, மறுபடி எழுந்து, புல்நுனியை உரசியபடி ஒரு சுற்று சுற்றும். இறங்கிவிட்டது என்று எழுதினால் திரும்ப எழும்பும். கால் புல்லுக்குள் மறைந்து, தலையும் மறைந்து, கொஞ்ச நேரம் எழவில்லை என்றால்தான் கோடு போடலாம். அதற்குள் மேற்கிலிருந்து இன்னும் மூன்று வந்திருக்கும், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், தாளில் அடுத்த கட்டத்துக்கு நேரம் ஆகியிருக்கும்.